இலத்திரன்–புரோத்தன் சிதறலில் தற்சுழற்சிச் சமச்சீரின்மையை அளக்கும் முறை

தற்சுழற்சி (துணிக்கைக்கு இயல்பாகவே உள்ள கோண உந்தம்) ஒரே திசையில் ஒழுங்குபடுத்தப்பட்ட இலத்திரன்களை, அவ்வாறே ஒழுங்குபடுத்தப்பட்ட புரோத்தன்கள் மீது மோதவிட வேண்டும். இரண்டின் தற்சுழற்சிகளும் எதிரெதிராக இருக்கும்போது ஒரு குறித்த கோணத்தில் எத்தனை இலத்திரன்கள் சிதறுகின்றன, ஒரே திசையில் இருக்கும்போது எத்தனை சிதறுகின்றன என்று எண்ணி, வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே தற்சுழற்சிச் சமச்சீரின்மை. சொல்வதற்கு இரண்டு வரிதான். ஆனால் 1970களில் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வுகூடத்தில் வேர்னன் ஹியூஸ் தலைமையிலான குழு இதனை முதன்முதலில் ஆழ்ந்த மீள்தன்மையற்ற சிதறலில் (புரோத்தனை உடைத்து அதன் உள்ளமைப்பைக் காட்டும் சிதறலில்) அளந்த காலம் முதல் இன்றுவரை, இந்த வகுத்தலைச் சரியாகச் செய்வதிலேயே ஆய்வாளரின் உழைப்பில் பெரும்பகுதி செலவாகிறது.

இந்த வழிகாட்டி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் பௌதிகவியல் பயிலும் பட்டதாரி மாணவர்களையும், உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்போரையும் மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. பம்பைமடு, அறிவியல்நகர் பல்கலைக்கழக வளாகங்களில் கிகா இலத்திரன்வோல்ட் சக்தி தரும் ஆர்முடுக்கி இல்லை. அத்தகைய கற்றை கிடைக்கும் இடங்கள் உலகத்திலேயே மிகச் சில. எனினும் பரிசோதனையின் திட்டமிடல், எண்ணிக்கைகளின் பகுப்பாய்வு, வழுக் கணிப்பு ஆகிய மூன்றையும் ஒரு சாதாரண மடிக்கணினியிலும் ஒரு சீ.ஆர். கொப்பியிலும் முழுமையாகச் செய்து பழகலாம். பெரிய ஆய்வுகூடங்களில் ஓர் இளம் ஆய்வாளர் தன் முதல் ஆண்டுகளைச் செலவிடுவதும் பெரும்பாலும் இந்த மூன்றிலேதான்.

இந்த அளவீட்டுக்கு இவ்வளவு பெறுமதி ஏன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1988இல் ஐரோப்பாவின் செர்ன் நிலையத்தில் மியூவோன் கற்றையைக் கொண்டு இதே வகை அளவீட்டைச் செய்த குழு, புரோத்தனின் தற்சுழற்சியில் அதன் உள்ளே இருக்கும் குவார்க்குத் துணிக்கைகளின் தற்சுழற்சி தரும் பங்கு மிகச் சிறிது என்று அறிவித்தது. குவார்க்குகளே பெரும்பகுதியைத் தரும் என்று எதிர்பார்த்திருந்த பௌதிகவியலாளர்கள் அதிர்ந்துபோனார்கள். அதன் பின் வந்த அளவீடுகள் அந்தப் பங்கைச் சுமார் 30 சதவீதம் என்று நிறுத்தியுள்ளன. மீதி எங்கே இருக்கிறது என்ற கேள்வி இன்னும் முழுமையாக விடை காணவில்லை. அந்த விடையை நோக்கிய ஒவ்வோர் அடியும் கீழே வரும் வகுத்தலைப் பொறுத்தே நிற்கிறது.

எத்தனை எண்ண வேண்டும்

முதலில் புள்ளிவிபர வழுவைக் கணித்துக்கொள்ளுங்கள். கற்றை நேரத்துக்கு விண்ணப்பிப்பவர் யாராயினும் அவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி அதுவே. சமச்சீரின்மை சிறிதாக இருக்கும்போது அதன் வழு, மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் தலைகீழுக்குச் சமன். பத்து இலட்சம் இலத்திரன்களை எண்ணினால் வழு 0.001. இது போதுமே என்று தோன்றலாம். ஆனால் உணர்கருவி காண்பது பௌதிகச் சமச்சீரின்மையை நேரடியாகத் தருவதில்லை. கற்றையின் முனைவாக்கம் (தற்சுழற்சிகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் ஒழுங்காக உள்ளன என்பது), இலக்கின் முனைவாக்கம், ஐதாக்கல் காரணி (எண்ணியவற்றுள் முனைவாக்கம் பெறும் புரோத்தன்களிலிருந்து வந்தவற்றின் பங்கு) என்ற மூன்று பின்னங்களால் பெருக்கப்பட்டுச் சுருங்கிய ஒன்றையே அது தருகிறது.

இக்கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைக் கையாள்வோம். கற்றையின் முனைவாக்கம் 0.85, இலக்கினது 0.75, ஐதாக்கல் காரணி 0.16 என்று கொள்வோம். மூன்றின் பெருக்கம் 0.102. பௌதிகச் சமச்சீரின்மை 0.25 ஆனால், நாம் எண்ணிக்கையில் காணப்போவது 0.0255 மட்டுமே. எதிர்த்திசையில் 512,750 இலத்திரன்களும் ஒருதிசையில் 487,250 இலத்திரன்களும் வந்தால் அந்தப் பெறுமானம் கிடைக்கும். எண்ணிக்கையின் வழு 0.001ஐயும் அதே 0.102ஆல் வகுக்க வேண்டும் என்பதால், பௌதிகச் சமச்சீரின்மை 0.25, அதன் புள்ளிவிபர வழு 0.0098 என்று முடிகிறது. ஐதாக்கல் காரணி 1 ஆக இருந்திருந்தால் இதே நுட்பத்தைப் பெற ஏறக்குறைய 39 மடங்கு குறைவான இலத்திரன்களே போதியிருக்கும். இலக்கின் முனைவாக்கம் 0.75 இலிருந்து 0.60 ஆகச் சரிந்தால், இழந்த நுட்பத்தை மீட்க 1.56 மடங்கு நேரம் ஓட வேண்டும். முனைவாக்கங்களும் ஐதாக்கல் காரணியும் வர்க்கத்தில் நுழைகின்றன என்பதை மாணவர்கள் இங்கேயே கைப்பட வகுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. இலக்கைத் தயாரிப்பவர்கள் ஒரு சில சதவீதத்துக்காக ஏன் இரவு பகலாகப் பாடுபடுகிறார்கள் என்பது அப்போது விளங்கும்.

சக்தியும் கோணமும்

அடுத்து எங்கே அளப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கற்றையின் சக்தி, சிதறிய இலத்திரனின் சக்தி, சிதறற் கோணம் ஆகிய மூன்றும் தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் கணித்துவிடலாம். கற்றை 5.7 கிகா இலத்திரன்வோல்ட், சிதறிய இலத்திரன் 2.0 கிகா இலத்திரன்வோல்ட், கோணம் 25 பாகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரு சக்திகளையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, அரைக்கோணத்தின் சைனின் வர்க்கத்தால் பெருக்கினால் நான்குந்த மாற்றத்தின் வர்க்கம் 2.14 என வரும். இலத்திரன் இழந்த சக்தி 3.7. புரோத்தனின் திணிவு 0.938, அந்த 3.7, எண் 2 ஆகிய மூன்றையும் பெருக்கி வருவதால் 2.14ஐ வகுத்தால், மோதிய குவார்க்கு புரோத்தனின் உந்தத்தில் எவ்வளவு பங்கைச் சுமந்திருந்தது என்பதைச் சொல்லும் பிஜோர்க்கன் மாறி 0.31 எனக் கிடைக்கும். சிதறலின் பின் மீந்த துணிக்கைத் தொகுதியின் திணிவு 2.38. இது 2க்கு மேல் இருப்பதால் புரோத்தனின் அருட்டப்பட்ட பரிவு நிலைகளைத் தாண்டி, குவார்க்குகளைத் தனித்தனியே காணும் பகுதியில் நிற்கிறோம். திணிவு 0.938க்கு அருகே அமைந்தால் அது புரோத்தன் உடையாமல் மீளும் மீள்தன்மைச் சிதறல். அந்தப் பகுதியையும் தனியே சேமித்து வையுங்கள், பின்னர் மிகவும் உதவும்.

கற்றை: திசை மாற்றும் ஒழுங்கு

முனைவாக்கிய இலத்திரன்கள் கலியம் ஆசனைட்டுக் குறைகடத்தியிலிருந்து வருகின்றன. வட்ட முனைவாக்கம் பெற்ற லேசர் ஒளியை அதன் மேற்பரப்பில் விழுத்தினால், வெளியேறும் இலத்திரன்களின் தற்சுழற்சி ஒரு திசையை விரும்புகிறது. தகைவு ஏற்றிய பல மெல்லிய படலங்களால் ஆன நவீன ஒளிக்கதோட்டுகள் 85 சதவீதம் வரை தருகின்றன. லேசரின் பாதையில் உள்ள பொக்கல்ஸ் கலத்தின் மின்னழுத்தத்தைப் புரட்டினால் ஒளியின் வட்டத் திசை மாறும். அதனோடு இலத்திரனின் தற்சுழற்சியும் மாறும். ஒரு செக்கனுக்குப் பல பத்துத் தடவைகள், சில பரிசோதனைகளில் ஆயிரத்தை அண்மித்த தடவைகள், இந்தப் புரட்டல் நிகழ்கிறது.

இவ்வளவு விரைவாகப் புரட்டுவதற்குக் காரணம் உண்டு. கற்றையின் ஓட்டம், இலக்கின் அடர்த்தி, உணர்கருவியின் திறன் எல்லாமே மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பவை. காலையில் ஒரு திசையையும் மாலையில் மறு திசையையும் அளந்தால், அந்த நகர்வு முழுவதும் சமச்சீரின்மையாக வேடமிட்டு வரும். விரைவாகப் புரட்டினால் அது பெருமளவு நீங்கும். புரட்டும் வரிசையைக் கவனமாகத் தேர்ந்தால் இன்னும் நீங்கும். இதனை நான்கு எண்களில் காட்டலாம். உண்மையான சமச்சீரின்மை பூச்சியம், ஆனால் எண்ணும் வீதம் ஒவ்வொரு நேரத் துண்டிலும் ஒன்று கூடுகிறது எனக் கொள்ளுங்கள்: 1000, 1001, 1002, 1003. நேர், எதிர், நேர், எதிர் என்ற வரிசையில் புரட்டினால் நேர்த் துண்டுகளின் கூட்டு 2002, எதிர்த் துண்டுகளின் கூட்டு 2004. இல்லாத இடத்தில் ஏறத்தாழ 0.0005 அளவில் ஒரு போலிச் சமச்சீரின்மை முளைத்துவிட்டது. நேர், எதிர், எதிர், நேர் என்று புரட்டினால் இரண்டு கூட்டும் 2003. இதனால்தான் பரிசோதனைகள் நான்கு துண்டுகளை ஒரு தொகுதியாகக் கொள்கின்றன. தொகுதி நேரில் தொடங்குவதா எதிரில் தொடங்குவதா என்பதை ஓர் எழுமாற்று எண் தீர்மானிக்கிறது.

வேர்ஜீனியாவில் உள்ள ஜெபர்சன் ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் செக்கனுக்கு 30 துண்டுகள் என்ற வீதம் பயன்பட்டது. ஒரு துண்டின் நீளம் 33.3 மில்லிசெக்கன், அந்நாட்டு மின்வழங்கலின் மீடிறன் 60 ஹேர்ட்ஸ் ஆகையால் ஒவ்வொரு துண்டிலும் சரியாக இரண்டு மின் அலைகள் அடங்கி, மின்வழங்கலின் இரைச்சல் சராசரியில் மறைந்துவிடும். நமது மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ். எனவே இங்கு எந்த ஆய்வுகூடத்திலாவது ஒளியின் முனைவாக்கத்தைப் புரட்டி அளக்கும் சிறு பரிசோதனையொன்றை அமைப்பவர்கள் 20 அல்லது 40 மில்லிசெக்கன் துண்டுகளைத் தேர்வது நன்று.

விரைவான புரட்டல் மட்டும் போதாது. பொக்கல்ஸ் கலத்தின் மின்னழுத்தமே எண்ணும் மின்சுற்றுக்குள் கசிந்து ஒரு போலி வித்தியாசத்தை உண்டாக்கக்கூடும். ஆகவே லேசர் பாதையில் ஓர் அரை அலைத் தகட்டைச் சில மணித்தியாலங்களுக்கோ சில நாட்களுக்கோ ஒருமுறை நுழைப்பதும் எடுப்பதுமாக இருக்க வேண்டும். தகடு உள்ளே இருக்கும்போது மின்னழுத்தம் மாறவில்லை, இலத்திரனின் தற்சுழற்சி மட்டும் மாறியுள்ளது. எனவே உண்மையான சமச்சீரின்மை குறி மாறும். மின்சுற்றிலிருந்து வந்தது குறி மாறாது. இரண்டு நிலைகளின் பெறுமானங்களையும் குறியோடு கூட்டிப் பாருங்கள். வழுவுக்குள் பூச்சியம் வராவிட்டால் தரவைத் தொடர்ந்து பகுப்பாய்வு செய்யாமல் காரணத்தைத் தேடுங்கள். தற்சுழற்சியின் குறியைச் சொல்லும் சமிக்ஞையைச் சில துண்டுகள் தாமதித்தே உணர்கருவிகளுக்கு அனுப்பும் வழக்கமும் இதே கசிவைத் தடுப்பதற்காகவே ஏற்பட்டது.

கற்றையின் முனைவாக்கத்தை அளக்க மூன்று வழிகள் உள்ளன. ஆர்முடுக்கியின் தொடக்கத்தில் பொன் தகட்டில் சிதறவிடும் மொட் முறை, காந்தமாக்கிய இரும்புத் தகட்டின் இலத்திரன்களில் சிதறவிடும் மொல்லர் முறை, லேசர் ஒளியோடு மோதவிடும் கொம்ப்டன் முறை என்பன அவை. மொல்லர் முறை கற்றையைக் குழப்புவதால் அதற்கென நேரம் ஒதுக்கியே அளக்க வேண்டும். கொம்ப்டன் முறையைப் பரிசோதனை நடக்கும்போதே தொடரலாம்.

இலக்கு: குளிரும் நுண்ணலையும்

புரோத்தனின் காந்தத் திருப்புதிறன் மிகச் சிறியது. 5 தெஸ்லா காந்தப்புலத்தில், 1 கெல்வின் வெப்பநிலையில் வெறுமனே வைத்தால், புரோத்தன்களின் முனைவாக்கம் அரைச் சதவீதம் மட்டுமே. அதே நிலையில் இலத்திரன்களின் முனைவாக்கம் 99.8 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான இடைவெளியைப் பயன்படுத்துவதே இயக்க முனைவாக்க முறை. உறைந்த அமோனியா மணிகளை முன்கூட்டியே கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அவற்றுள் சோடி சேராத இலத்திரன்களை உண்டாக்குகிறார்கள். மணிகள் ஊதா நிறம் ஏறுகின்றன. பின்னர் 140 கிகா ஹேர்ட்ஸை அண்மித்த நுண்ணலையைச் செலுத்தினால், அந்த இலத்திரன்களின் முனைவாக்கம் அருகிலுள்ள புரோத்தன்களுக்குக் கைமாறுகிறது. 70 முதல் 90 சதவீதம் வரையிலான முனைவாக்கத்தை இவ்வாறு எட்டலாம்.

நுண்ணலையின் மீடிறனைச் சுமார் 0.4 கிகா ஹேர்ட்ஸ் நகர்த்தினால் புரோத்தன்கள் மறுதிசைக்குத் திரும்புகின்றன. காந்தப்புலம் அப்படியே இருக்கும். இந்த முறையின் பெரிய அனுகூலம் இது. காந்தப்புலத்தைத் திருப்பினால் சிதறிய இலத்திரன்களின் பாதையே மாறி, உணர்கருவி ஏற்கும் பகுதியும் மாறிவிடும். மீடிறனால் திருப்பும்போது அத்தகைய மாற்றம் எதுவும் நிகழாது. ஆகவே கற்றையின் விரைவுப் புரட்டல், அரை அலைத் தகடு, இலக்கின் திருப்பம் என்று மூன்று சுயாதீனமான புரட்டல்கள் உங்கள் கையில் உள்ளன. அவற்றால் வரும் எட்டு நிலைகளிலும் ஏறக்குறையச் சமமான நேரம் ஓடும்படி திட்டமிடுங்கள்.

இலக்கின் முனைவாக்கத்தைக் காந்தப் பரிவு முறையால் 213 மெகா ஹேர்ட்ஸில் அளப்பார்கள். அந்தச் சமிக்ஞையின் பரப்பளவு எத்தனை சதவீதத்தைக் குறிக்கிறது என்பதை அறிய, நுண்ணலையை நிறுத்தி, மேலே சொன்ன அரைச் சதவீத வெப்பச் சமநிலையில் ஒருமுறை அளந்து ஒப்பிட வேண்டும். சிறு சமிக்ஞையை நூறு மடங்குக்கு மேல் பெரிய சமிக்ஞையோடு ஒப்பிடுவதால் இங்கு இரண்டு மூன்று சதவீத வழு எளிதில் நுழைகிறது. கற்றை படப்பட அமோனியா கெட்டுப்போய் முனைவாக்கம் சரிவதும் வழமை. அப்போது மணிகளைச் சுமார் 80 முதல் 100 கெல்வின் வரை சூடாக்கி மீண்டும் குளிரவிட்டால் பெருமளவு மீளும். கற்றையின் ஓட்டத்தை 100 நானோ அம்பியர் அளவில் கட்டுப்படுத்தி, மணிகளின் முகப்பு முழுவதும் பரவலாக வீசச் செய்வதும் இதற்காகவே.

உணர்கருவிகளைப் பற்றி இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. செரன்கோவ் எண்ணியும் ஈயக் கண்ணாடிக் கலோரிமானியும் சேர்ந்து இலத்திரனைப் பயோனிலிருந்து பிரிக்கின்றன. பாதை காணும் அறைகள் உந்தத்தையும் கோணத்தையும் தருகின்றன. ஒளியன்கள் சோடியாக மாறி வரும் இலத்திரன்கள் சில, சிதறிய இலத்திரன்களோடு கலந்து வரும். காந்தத்தின் திசையை மாற்றிப் பொசித்திரன்களை எண்ணினால் அவற்றின் தொகை தெரிந்துவிடும்.

ஐதாக்கல் காரணி

என் அனுபவத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடமும், அனுபவமுள்ள குழுக்கள் அதிக நேரம் செலவிடும் இடமும் இதுவே. அமோனியா மூலக்கூறு ஒன்றில் 17 நியூக்கிளியோன்கள் உள்ளன. அவற்றுள் முனைவாக்கம் பெறும் ஐதரசன் புரோத்தன்கள் மூன்றே. நைதரசன், மணிகளைச் சூழ்ந்துள்ள திரவ ஈலியம், கலத்தின் மெல்லிய சுவர்கள் எல்லாவற்றிலிருந்தும் இலத்திரன்கள் சிதறி, ஒரே எண்ணிக்கையில் வந்து விழுகின்றன. பதர் கலந்த நெல் மூட்டையை அப்படியே தராசில் ஏற்றி விளைச்சல் சொல்ல முடியாது. கலப்பின் விகிதம் தெரிந்தாக வேண்டும்.

மூன்றைப் பதினேழால் வகுத்தால் 0.176 வரும். இதையே காரணியாக இட்டு வேலையை முடித்துவிடும் ஆசை எவருக்கும் எழும். அதனைத் தவிர்க்க வேண்டும். புரோத்தனின் சிதறற் குறுக்குவெட்டும் நியூத்திரனினதும் சமனல்ல. பிஜோர்க்கன் மாறி கூடக்கூட அவற்றின் விகிதம் மாறுகிறது. கருவுக்குள் கட்டுண்ட நியூக்கிளியோன்கள் சுயாதீன நியூக்கிளியோன்களைப் போல் நடப்பதுமில்லை. மணிகள் கலத்தை முழுவதும் நிரப்புவதில்லை. பாதியை விடச் சற்று அதிகமான கனவளவையே அவை அடைக்கின்றன, மீதியை ஈலியம் நிரப்புகிறது. எனவே காரணியை ஒவ்வொரு சக்திக்கும் கோணத்துக்கும் தனித்தனியே பெற வேண்டும்.

செய்யும் முறை இவ்வாறு. அமோனியாக் கலத்தில் அளந்த அதே அமைப்பில் காபன் தகட்டிலும், ஈலியம் மட்டும் நிறைந்த வெற்றுக் கலத்திலும் சிறிது நேரம் அளந்து, மூன்று எண்ணிக்கைகளையும் ஒரே அளவு கற்றை ஏற்றத்துக்கு மாற்றுங்கள். காபனையும் ஈலியத்தையும் கொண்டு நைதரசனின் பங்கைக் கட்டியெழுப்பி, ஈலியத்தின் பங்கையும் சுவர்களின் பங்கையும் சேர்த்து, அமோனியா எண்ணிக்கையிலிருந்து கழியுங்கள். அமோனியாவில் 1000 எண்ணிக்கை வந்து, புரோத்தன் அல்லாத யாவும் சேர்ந்து 840 ஆனால், மீதி 160ஐ ஆயிரத்தால் வகுக்கக் காரணி 0.16.

இதனைச் சரிபார்க்க மீள்தன்மைச் சிதறற் பகுதி கைகொடுக்கும். சுயாதீனப் புரோத்தன் 0.938 திணிவில் கூர்மையான சிகரத்தைத் தரும்; கருவில் கட்டுண்டவை உள்ளே அசைந்துகொண்டிருப்பதால் அவற்றின் சிகரம் அகன்று பரவியிருக்கும். சிகரத்துக்குக் கீழே, 0.85க்கும் குறைந்த பகுதியில், சுயாதீனப் புரோத்தனின் பங்கு ஏறக்குறைய இல்லை. அங்கே காபனின் திருசியத்தை அமோனியாவின் திருசியத்தோடு பொருந்தும்வரை பெருக்கிக் கழித்தால் தூய புரோத்தன் சிகரம் எஞ்சும். இந்தப் படத்தை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது தம் கையால் வரைந்து பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். அது சரியாக வந்தால் காரணியின் மீது நம்பிக்கை வைக்கலாம்.

அதே சிகரத்திலிருந்து இன்னொரு பயனும் உண்டு. மீள்தன்மைச் சிதறலின் சமச்சீரின்மையைப் புரோத்தனின் வடிவக் காரணிகளிலிருந்து (அதனுள் ஏற்றமும் காந்தத்தன்மையும் பரவியுள்ள விதத்தைக் காட்டும் எண்களிலிருந்து) முன்கூட்டியே கணிக்கலாம். அளந்த பெறுமானத்தைக் கணித்த பெறுமானத்தால் வகுத்து, ஐதாக்கலையும் நீக்கினால், கற்றை முனைவாக்கத்தினதும் இலக்கு முனைவாக்கத்தினதும் பெருக்கம் நேரடியாகக் கிடைத்துவிடும். ஜெபர்சன் ஆய்வுகூடத்தின் கிளாஸ் குழு இம்முறையைப் பயன்படுத்தியது. நைதரசனும் சிறிதளவு முனைவாக்கம் பெறுகிறது என்பதால் அதற்கும் ஒரு சிறு திருத்தம் தேவை.

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 1995 முதல் 2007 வரை இயங்கிய ஹேர்மிஸ் பரிசோதனை இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. முனைவாக்கிய ஐதரசன் வாயுவையே சேமிப்பு வளையத்துக்குள் இலக்காக வைத்ததால் அங்கே ஐதாக்கல் ஏறக்குறைய இல்லை. வாயுவின் அடர்த்தி குறைவு என்பதே அதற்குக் கொடுத்த விலை.

ஏற்றமும் செயலற்ற நேரமும்

இரண்டு திசைகளுக்கும் ஒரே அளவு இலத்திரன்கள் இலக்கில் விழுந்தன என்று நம்பிவிடக் கூடாது. நேர்த் திசையின் ஏற்றத்துக்கும் எதிர்த் திசையின் ஏற்றத்துக்கும் இடையே ஆயிரத்தில் ஒரு பங்கு சமச்சீரின்மை இருந்தால், அது அப்படியே எண்ணிக்கையில் 0.001 ஆக ஏறும். நம் எடுத்துக்காட்டில் முழுப் புள்ளிவிபர வழுவே அவ்வளவுதான். எனவே ஒவ்வொரு எண்ணிக்கையையும் அதற்குரிய ஏற்றத்தால் வகுத்த பின்னரே சமச்சீரின்மையைக் கணிக்க வேண்டும்.

செயலற்ற நேரம் இதைவிட வஞ்சகமானது. ஒரு நிகழ்வைப் பதியும்போது கருவி அடுத்த நிகழ்வைக் காணாது. எதிர்த்திசையில் அதிக இலத்திரன்கள் வருவதால் அந்தத் திசையில் இழப்பும் அதிகம். ஆகவே வித்தியாசம் சுருங்கும். சராசரியாகப் பத்துச் சதவீத நேரம் கருவி செயலற்று இருந்தால், திருத்தாத சமச்சீரின்மை 0.0255க்குப் பதிலாக ஏறக்குறைய 0.0230 ஆகத் தெரியும். பத்துச் சதவீதம் பறிபோகிறது. மொத்தச் சராசரியைக் கொண்டு இதனைத் திருத்த முடியாது. ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே செயல்நேரத்தை அளந்து வகுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சேர்த்தல்

கொப்பியின் இடப்பக்கத்தில் எண்ணிக்கைகளையும், வலப்பக்கத்தில் வகுக்கும் எண்களையும் எழுதும் வழக்கத்தை நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இடப்பக்கம் ஓர் ஓட்டத்துக்கு இரண்டு எண்களோடு முடிந்துவிடும். வலப்பக்கம் ஏற்றம், செயல்நேரம், தகட்டின் நிலை, இலக்கின் குறி, இரு முனைவாக்கங்கள், ஐதாக்கல் காரணி என்று நிறைந்துவிடும். வலப்பக்க எண் ஒவ்வொன்றுக்கும் அதன் வழுவையும், அது எவ்வாறு அளக்கப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். கற்றை முனைவாக்கத்துக்கு 2, இலக்கு முனைவாக்கத்துக்கு 3, ஐதாக்கல் காரணிக்கு 3 சதவீதம் எனக் கொண்டால், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க 4.7 சதவீத முறைமை வழு வரும், 0.25இல் அது 0.012. புள்ளிவிபர வழு 0.0098ஐ இது ஏற்கெனவே தாண்டிவிட்டது. இந்நிலையில் இன்னும் பத்து இலட்சம் இலத்திரன்களை எண்ணுவதால் வரும் பயனை, ஐதாக்கல் காரணியின் வழுவை 3 இலிருந்து 1 சதவீதமாகக் குறைத்தே பெற்றுவிடலாம்.

கிடைத்த 0.25 என்பது இலத்திரனின் தற்சுழற்சியைக் கொண்ட சமச்சீரின்மை. குவார்க்குகளைப் பற்றிப் பேச வேண்டுமானால், இலத்திரன் வெளிவிட்டு புரோத்தன் உறிஞ்சும் மெய்நிகர் ஒளியனின் சமச்சீரின்மைக்கு மாற வேண்டும். ஒளியன் இலத்திரனின் முனைவாக்கத்தை முழுமையாக ஏந்திச் செல்வதில்லை. ஏந்தும் பங்கு நமது சக்திக்கும் கோணத்துக்கும், நெடுக்கு–குறுக்கு விகிதத்தை (நெடுக்காக முனைவாகிய ஒளியன்களையும் குறுக்காக முனைவாகியவற்றையும் புரோத்தன் உறிஞ்சும் அளவுகளின் விகிதத்தை) 0.2 எனக் கொண்டால், 0.71. ஆகவே ஒளியனின் சமச்சீரின்மை சுமார் 0.35. இலக்கைக் கற்றைக்குச் செங்குத்தாக முனைவாக்கி அளக்கும் இரண்டாவது சமச்சீரின்மையின் சிறு பங்கை இங்கே புறக்கணித்துள்ளேன். நுட்பமான வேலைக்கு அதையும் அளந்தாக வேண்டும். மோதலுக்கு முன்னோ பின்னோ இலத்திரன் ஒளியனை இழந்து தன் சக்தியை மாற்றிக்கொள்வதற்கான கதிர்வீச்சுத் திருத்தம் தனியாகக் கற்க வேண்டிய பாடம்.

இலக்கு முனைவாக்கமே இல்லாமல், கற்றையின் புரட்டலால் மட்டும் தோன்றும் சமச்சீரின்மையும் உண்டு. அது மென்விசை இட–வலச் சமச்சீரை மீறுவதிலிருந்து வருவது. ஜெபர்சன் ஆய்வுகூடத்தின் கியூவீக் பரிசோதனை 2018இல் வெளியிட்ட பெறுமானம் நூறு கோடியில் −226.5, வழு 9.3. மேலே சொன்ன புரட்டல், ஏற்றத் திருத்தம், அரை அலைத் தகடு ஆகிய அதே கருவிகளைக் கொண்டுதான் அந்த நுட்பம் எட்டப்பட்டது.

மடிக்கணினியில் செய்து பழகுதல்

இருவராகச் செய்யுங்கள். ஒருவர் ஒரு பௌதிகச் சமச்சீரின்மையைத் தம் மனத்தில் தேர்ந்து, அதனைத் தாளில் எழுதி மடித்து வைக்க வேண்டும். பைதன் மொழியில் பொயிசன் எழுமாற்று எண்களைக் கொண்டு, நேரத் துண்டு ஒன்றுக்குச் சராசரி 250 எண்ணிக்கை வீதம், நான்கு துண்டுகள் கொண்ட ஆயிரம் தொகுதிகளை உருவாக்கட்டும். அதற்குள் ஏற்றச் சமச்சீரின்மை, செயலற்ற நேரம், மெதுவான நகர்வு, ஐதாக்கல் ஆகியவற்றையும் தாம் விரும்பிய அளவில் கலக்கட்டும். துண்டுகளின் எண்ணிக்கைகளோடு அவற்றின் திசை, தகட்டின் நிலை, ஏற்றம், செயல்நேரம், முனைவாக்கங்கள், காபன் ஓட்டத்தின் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் மற்றவரிடம் கொடுக்க வேண்டும். பைதன் தெரியாதவர்கள் விரிதாளிலும் இதைச் செய்யலாம்.

மற்றவர் முதலில் ஒவ்வொரு தொகுதிக்கும் சமச்சீரின்மையைக் கணித்து, ஆயிரம் பெறுமானங்களின் நியம விலகலைப் பார்க்க வேண்டும். தொகுதிக்கு 1000 எண்ணிக்கை என்பதால் அது 0.032 அளவில் இருக்க வேண்டும். குறிப்பிடத்தக்க அளவு கூடினால், எண்ணிக்கைப் புள்ளிவிபரத்துக்கு அப்பால் வேறோர் இரைச்சல் உள்ளது. பின்னர் தொகுதிகளின் குறிகளை எழுமாற்றாகக் கலைத்து மீண்டும் சராசரி காண வேண்டும், 0.001 வழுவுக்குள் பூச்சியம் வர வேண்டும். மூன்றில் ஒரு தடவை அந்த எல்லையைத் தாண்டுவது இயல்பு. மும்மடங்கைத் தாண்டினால் நிரலில் தவறு உள்ளது. இந்த இரண்டு சோதனைகளும் தேறிய பின்னரே திருத்தங்களைச் செய்து, முனைவாக்கங்களாலும் ஐதாக்கலாலும் வகுத்து, இறுதிப் பெறுமானத்தையும் இருவகை வழுக்களையும் கொப்பியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். தாளைப் பிரிப்பது அதற்குப் பின்னரே. பெரிய குழுக்களும் இதே காரணத்துக்காக விடையைத் தம்மிடமிருந்தே மறைத்து வைத்துப் பகுப்பாய்வு செய்கின்றன. எதிர்பார்த்த விடை தெரிந்தால், அது வரும் இடத்தில் தேடலை நிறுத்திவிடும் இயல்பு எல்லோருக்கும் உண்டு.

புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வழியாகப் பேருந்தில் கிளிநொச்சிக்கு வந்து இதைப் பழகும் மாணவர்கள், ஓரிரு சுற்றுகளுக்குப் பின் உண்மையான தரவைக் கேட்கத் தொடங்குவார்கள். இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் பேணும் ஹெப்டேட்டா தளத்தில், வெளியிடப்பட்ட சமச்சீரின்மைப் பெறுமானங்கள் வழுக்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஹேர்மிஸ், கிளாஸ் குழுக்களின் புரோத்தன் தரவைப் பதிவிறக்கி, பிஜோர்க்கன் மாறிக்கு எதிரே ஒரே வரைபில் குறியுங்கள். பின்னர் ஒவ்வொரு புள்ளியிலும் புள்ளிவிபர வழு பெரிதா, முறைமை வழு பெரிதா என்று பார்த்து, பெரிதாக இருப்பதற்கு எந்த வகுக்கும் எண் காரணம் என்பதை வெளியீட்டின் அட்டவணையில் தேடுங்கள். உங்கள் போலித் தரவில் இறுதிப் பெறுமானம் மறைத்த எண்ணிலிருந்து வழுவின் மும்மடங்குக்கு மேல் விலகினால், முதலில் தகட்டின் குறியையும், அடுத்து செயல்நேரம் திசைவாரியாக வகுக்கப்பட்டதா என்பதையும், அதன் பின் காபன் எண்ணிக்கை ஏற்றத்துக்குச் சீராக்கப்பட்டதா என்பதையும் இந்த வரிசையிலேயே பாருங்கள்.